உப்பெடுப்பு

வியாழன்தோறும் தண்ணீர் மாற்றுவேன்.
நீலப் பிளாஸ்டிக் தொட்டி. அதற்குள்
ஒரு கழுத்து, ஒரு கைப்பிடி, தோளில் பாதி.
இருகைச் சாடியின் மற்றக் கை
முகத்துவாரத்துக்கு வெளியே
பதினெட்டுப் பாகம் ஆழத்தில்
மணலைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறது.

எடுத்து வந்தவர் சில்வெஸ்தர்.
சங்கு குளித்துப் பழகிய நெஞ்சு,
இப்போது திணைக்களத்தில் நாட்கூலி.
"நங்கூரக் கல் எண்டுதான் நினைச்சன், மிஸ்.
உள்ளுக்கு ஒரு அஞ்சாளை குடியிருந்தது.
கெஞ்சித்தான் எழுப்பினன்."

கடல் குடித்த மண்ணை உடனே காயவிட்டால்
உப்புப் பூத்து ஓடு உதிரும்.
ஆகவே ஊறவை, வடி, அள, எழுது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன மொழி என்னுடையது.
எனக்குச் சம்பளமோ
உப்பை எடுப்பதற்கு.

முதல் வாரம் மானியில் நாலாயிரத்துச் சொச்சம்.
பதினோராம் வாரம் ஆயிரத்து இருநூறு.
நீர்வெட்டு நாளில் கொட்டாஞ்சேனையிலிருந்து
இரண்டு கலன் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.
"பெற்றோலா அக்கா?" என்றான் கொண்டக்டர்.
"தண்ணி."
"ஆருக்கு?"
"ஒரு சாடிக்கு" என்றேன்.
மிச்சக் காசை எண்ணாமல் தந்துவிட்டு
முன்கதவுக்குப் போய்விட்டான்.

கைப்பிடி தோளில் ஒட்டும் இடத்தில்
பெருவிரல் அழுத்திய பள்ளம்.
வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை.
என்னுடையதைவிடச் சின்ன விரல்.
யாரோ ஒரு பொடியன்,
சூளைக்கு நேரமாகிவிட்டதென்று
ஏச்சு வாங்கிக்கொண்டே அழுத்தியிருப்பான்.

"மது" என்றார் பணிப்பாளர், முதல் நாளே.
யவனர் என்றால் மது;
படித்தவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான்.
படிவத்தில் 'உள்ளடக்கம்' என்ற கூட்டில்
பென்சிலால் எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார்.
அந்தக் கேள்விக்குறிக்காக அவரை மதிக்கிறேன்.

உட்சுவரில் கறுப்பாய்ப் பிசின்.
கிட்டப் போனால் இன்றும் மணக்கிறது,
குங்கிலியத்துக்கும் தாருக்கும் நடுவே எதுவோ.
நுணுக்குக்காட்டியின் கீழ்
அந்தக் கறுப்புக்குள் ஒரு செதிள்.
அருகே மயிரிழை மொத்தத்தில் ஒரு முள்.
சாளை இனம்தான்.
எங்கள் கடற் சாளை அல்ல.

சில்வெஸ்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
ஒற்றைக் கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தார்.
"ஜாடி" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஓம். சாடிக்குள் ஜாடி.
உப்பும் கொறக்காயும் இட்டு அடுக்கிய மீன்.
புறக்கோட்டையில் மூக்கைப் பொத்தி வாங்கி
வீட்டில் சட்டியை வழித்துத் தின்பது.

கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்தானா யவனன்?
மீன் துள்ளும் கரைக்கு
இரண்டு கடல் தாண்டி மீனா?

விற்க வந்த சாடியல்ல இது என்றுதான் நினைக்கிறேன்.
முத்தும் மிளகும் ஆமையோடும்
கணக்கில் ஏறியிருக்கும்.
இது அடுப்படியில் கயிற்றால் கட்டிக் கிடந்திருக்கும்.
போன போன துறையிலெல்லாம்
வாய்க்கு ஒவ்வாத சோறு,
அதன்மேல் இரண்டு சொட்டு.

நேற்று முப்பத்தொன்பதாம் வாரம்.
மானி, குழாய்த் தண்ணீரின் எண்ணுக்கு இறங்கியது.
தொட்டியைச் சாய்த்தேன்.
கடைசி உப்பு முற்றத்துக் காணில் இறங்கிற்று.
கால்வாய் வழியே கடலுக்குத்தான் போகும்,
இதற்கா இத்தனை வியாழன்?

யன்னலுக்கு அப்பால் துறைமுகத்தில்
பாரந்தூக்கிகள் பெட்டிமேல் பெட்டி அடுக்கின.
பெட்டிக்கு ஒரு தாள். தாளில் அதே கூடு, உள்ளடக்கம்.
எல்லாம் தட்டச்சில், சந்தேகமே இல்லாமல்.
மாலுமிப் பொடியன் ஒருவனின்
ஊறுகாய்ப் போத்தல்
எந்தத் தாளிலும் வராது.

'மது'வை அழித்து 'மீன்' என்று எழுதினேன்.
கேள்விக்குறியை அழிக்கவில்லை.

வேலை முடிந்தது என்றதும்
சில்வெஸ்தர் சாடியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
"அந்த அஞ்சாளை" என்றார்,
"இப்ப எங்க இருக்குமோ, மிஸ்."